காய்ச்சல் விட்ட பிறகு வரும் வாந்தி

ஈரலுக்கு ஏதாவது வந்தால் கண் மஞ்சளாகும் என்பது மலையகத்தில் எல்லாருக்கும் தெரிந்த கணக்கு. பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டு நாலைந்து நாளில் சோர்ந்து போனால், பாட்டிமார் முதலில் செய்வது கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதுதான். மஞ்சள் இல்லையென்றால் ஈரலைப் பற்றிய பயம் அத்தோடு தீர்ந்துவிடுகிறது. மஞ்சள் காமாலைக்கு இந்தச் சோதனை சரி. இன்ஃபுளுவென்சா காய்ச்சலுக்கு இது போதாது. இந்தக் காய்ச்சலை ஒட்டி ஈரலுக்கு வரும் கேடுகளில் மிக மோசமானதான ரேய் சின்ட்ரோமில் கண் பெரும்பாலும் வெள்ளையாகவே இருக்கும். பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது வாந்தியும், அதற்குப் பிறகு வரும் புத்தித் தடுமாற்றமும்தான். இந்த ஒன்றை அம்மாமாரும் பிள்ளைக் காம்பராவில் (தோட்டத்தில் பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம்) வேலை செய்பவர்களும் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இலங்கையில் இன்ஃபுளுவென்சா வருடத்தில் இரண்டு தடவை ஏறும்: ஏப்ரல் முதல் ஜூன் வரை ஒன்று, நவம்பர் முதல் ஜனவரி வரை இன்னொன்று. இரண்டுமே நமக்குப் பண்டிகைக் காலங்கள். சித்திரைப் புதுவருடத்துக்கும் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் கொழும்பில் கடைகளிலும் வீடுகளிலும் வேலை செய்யும் அண்ணன், அக்கா, சித்தப்பா எல்லாரும் ஊருக்கு வருகிறார்கள். நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் கூட்டம் வேறு. ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்ளும் லயன் வீடுகளில், குளிருக்குக் கதவு யன்னலை மூடிவைத்து, விறகடுப்புப் புகையோடு ஐந்தாறு பேர் ஒரே காம்பராவில் படுக்கும்போது, ஒருவருக்கு வந்தது மூன்று நாளில் மற்றவர்களையும் பிடித்துவிடும்.

இந்தக் காய்ச்சல் கண்ட பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஈரலில் எதுவும் வெளித்தெரியாது. ஒரு பங்கினருக்கு இரத்தப் பரிசோதனையில் ஏ.எல்.டி., ஏ.எஸ்.டி. என்ற இரண்டு நொதிகள் சற்று ஏறியிருக்கும். ஆய்வுகூடத்துக்கு ஆய்வுகூடம் எல்லை கொஞ்சம் மாறினாலும், 40-க்குள் இருக்க வேண்டியது 80, 100 என்று நிற்கும். வைரஸ் ஈரலுக்குள் போய்ப் பெருகுவதால் இது நடப்பதில்லை. அது பெருகுமிடம் மூக்கும் தொண்டையும் சுவாசக் குழாயும்தான். அங்கே அதை அழிப்பதற்கென்று உடல் உருவாக்கும் கொல்லும் வகை வெள்ளணுக்கள் இரத்தத்தோடு சுற்றி வரும்போது ஈரலின் மிகக் குறுகிய இரத்தக் குழாய்களில் சிக்கிக்கொள்கின்றன. ஈரலிலேயே குடியிருக்கும் காவல் செல்களோடு சேர்ந்து அவை பக்கத்திலுள்ள ஈரல் செல்களையும் தாக்கிவிடுகின்றன. ஈரலில் வைரஸே இல்லாத எலிகளில் கூட இந்தச் சேதம் நடப்பதைச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. பிள்ளை தேறும்போது இந்த நொதிகளும் ஓரிரண்டு வாரத்தில் தானாக இறங்கிவிடும். இதற்கென்று 'ஈரல் டொனிக்' எதுவும் தேவையில்லை. ரிப்போர்ட்டில் இரண்டு எண்கள் தடித்த எழுத்தில் வந்துவிட்டன என்பதற்காக ஆயிரக்கணக்கில் செலவழித்துப் பாணி மருந்து வாங்க வேண்டாம். பிள்ளை சுறுசுறுப்பாக, சாப்பிட்டுக்கொண்டு இருந்தால் இரண்டு மூன்று வாரம் கழித்து ஒரு தடவை திரும்பப் பரிசோதித்தால் போதும்.

கடுமையான நியூமோனியா வந்து ஒட்சிசன் குறைந்த பிள்ளைகளின் கதை வேறு. அவர்களில் இந்த நொதிகள் ஆயிரக் கணக்கில் ஏறலாம். ஈரலுக்குப் போகும் இரத்தத்தில் நான்கில் மூன்று பங்கு குடலிலிருந்து வரும் போர்ட்டல் நாளத்தின் வழியே, ஏற்கெனவே ஒட்சிசன் குறைந்த இரத்தமாக வருகிறது. மூச்சும் சுற்றோட்டமும் சரிந்தால் ஈரலின் நடுப்பகுதிச் செல்களே முதலில் மடிகின்றன. அங்கே வைத்தியம் ஒட்சிசனும் சேலைனும்தான். அவை சரியானால் எண்களும் வேகமாக இறங்கும்.

எண்ணைப் பார்த்துப் பயப்படுவதில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஏ.எஸ்.டி. ஈரலுக்கு மட்டும் உரிய நொதி அல்ல. தசையிலும் நிறைய இருக்கிறது. இன்ஃபுளுவென்சா, அதிலும் பி வகை, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளின் கெண்டைக்கால் தசையைப் பிடிக்கும். காய்ச்சல் இறங்கத் தொடங்கும் மூன்றாம் நாள் போல, காலையில் எழும்பிய பிள்ளை நடக்கமாட்டேன் என்று அழும். நடந்தாலும் நுனிக்காலில் நடக்கும், கெண்டையைத் தொட்டால் கத்தும். இளம்பிள்ளை வாதமோ என்று வீடே கலங்கிவிடும். இதில் ஏ.எஸ்.டி. பல மடங்கு ஏறி, ஏ.எல்.டி. கொஞ்சமாக ஏறியிருக்கும். சி.பி.கே. என்ற தசை நொதியையும் பார்த்தால் அது ஆயிரங்களில் நிற்கும். அதோடு விளங்கிவிடும், குற்றவாளி ஈரல் அல்ல. ஓய்வும் நிறையத் தண்ணீரும் இருந்தால் ஒரு வாரத்துக்குள் பிள்ளை ஓடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சிறுநீர் தேயிலைச் சாயம் போலக் கறுத்தால் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். தசை உடைந்து சிறுநீரகத்தை அடைக்கும் நிலை அது. கால் பலம் இழந்து துவண்டு தொங்கினாலும் வீட்டில் வைத்திருக்க வேண்டாம். வலியால் நடக்காமல் இருப்பது வேறு, பலமில்லாமல் விழுவது வேறு.

ரேய் சின்ட்ரோம்

1963-இல் சிட்னியிலிருந்த நோயியல் மருத்துவர் டக்ளஸ் ரேயும் அவருடைய சகாக்களும் 21 பிள்ளைகளைப் பற்றி எழுதினார்கள். எல்லாரும் சாதாரண சளிக் காய்ச்சல் போன்ற ஒன்றிலிருந்து தேறிக்கொண்டிருந்தவர்கள். திடீரென்று வாந்தி, பிறகு பிதற்றல், வலிப்பு, மயக்கம். 17 பேர் இறந்தார்கள். உடலைத் திறந்து பார்த்தபோது மூளை வீங்கியிருந்தது, ஈரல் கொழுப்பேறி வெளிறியிருந்தது. அதே வருடம் அமெரிக்காவில் இன்ஃபுளுவென்சா பி பரவிய ஓர் இடத்திலிருந்தும் இதே மாதிரியான மரணங்கள் பதிவாயின.

காரணத்தைத் துரத்தி அதன் ஒரு நுனியைப் பிடிக்கப் பதினேழு வருடம் எடுத்தது. காய்ச்சலுக்கு அஸ்பிரின் கொடுக்கப்பட்ட பிள்ளைகளில் இது மிக அதிகமாக வருவதை ஒன்றன் பின் ஒன்றாகப் பல ஆய்வுகள் காட்டின. அமெரிக்காவில் 1980-இல் எச்சரிக்கை விடுத்தார்கள், 1986-இல் மருந்துப் பெட்டியிலேயே அதை அச்சிட வைத்தார்கள். பிரித்தானியா 1986-இல் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு அஸ்பிரினை நிறுத்தியது, பிறகு அந்த எல்லையை 16 வயதாக உயர்த்தியது. 1979-80 காலத்தில் அமெரிக்காவில் ஒரே வருடத்தில் 555 பேருக்கு வந்த நோய், 1990-களின் நடுவில் வருடத்துக்கு இரண்டு பேர் என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு குளிசையைக் கொடுக்காமல் விட்டதாலேயே ஒரு நோய் இவ்வளவு அழிந்துபோனதற்கு மருத்துவ வரலாற்றில் இணையாகச் சொல்ல அதிகம் இல்லை.

உள்ளே நடப்பது இது. ஒவ்வொரு செல்லுக்கும் சக்தி தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகொண்ட்ரியா என்ற உறுப்பு, வைரஸ் காய்ச்சலின்போது ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது. அஸ்பிரினிலிருந்து வரும் சாலிசிலேட் போய் அதில் கொழுப்பை எரிக்கும் வேலையை முடக்குகிறது. எரியாத கொழுப்பு நுண்ணிய துளிகளாக ஈரல் செல்களை நிரப்புகிறது. புரதக் கழிவான அமோனியாவை யூரியாவாக மாற்றும் வேலையும் அதே உறுப்பில் நடப்பதால் அதுவும் நின்றுவிடுகிறது. அமோனியா இரத்தத்தில் ஏறி மூளையை வீங்க வைக்கிறது. பித்தத்தை வெளியேற்றும் வேலை மட்டும் அநேகமாகக் கெடுவதில்லை. அதனால்தான் பிலிரூபின் என்ற மஞ்சள் பொருள் ஏறுவதில்லை, கண் மஞ்சளாவதில்லை. பிழைத்த பிள்ளைகளில் ஈரல் முழுமையாகத் திரும்பிவிடும். மூளை எவ்வளவு நேரம் வீங்கியிருந்தது என்பதில்தான் பிள்ளையின் எதிர்காலம் தங்கியிருக்கிறது.

வீட்டில் எப்படித் தெரியும்? முதல் நாள்களில் எல்லாப் பிள்ளைகளையும் போலத்தான்: காய்ச்சல், இருமல், உடம்பு வலி. மூன்று முதல் ஐந்து நாளில் காய்ச்சல் இறங்கும், பிள்ளை எழும்பி விளையாடக்கூடப் பார்க்கும். அப்போது வாந்தி தொடங்கும். ஒன்று இரண்டோடு நிற்காது. தண்ணீர் கொடுத்தாலும் வரும், வெறும் வயிற்றிலும் வரும். வயிற்றோட்டம் இருக்காது (கைக்குழந்தைகள் விதிவிலக்கு. அவர்களில் வாந்தியை விட வயிற்றோட்டமும் வேகமான மூச்சும் முன்னால் தெரியலாம்). சில மணி நேரத்தில் பிள்ளை மந்தமாகும், கூப்பிட்டால் தாமதமாகத் திரும்பும். அல்லது எதிர்மாறாக, ஒருநாளும் கை நீட்டாத பிள்ளை அம்மாவை அடிக்கும், கடிக்கும், கெட்ட வார்த்தை பேசும், சுவரைப் பார்த்து உளறும். பிசாசு பிடித்தது, கண்ணேறு பட்டது என்று எண்ணிக் கோயிலுக்குத் தூக்கிப் போகத் தோன்றும் நேரம் இதுதான். சாமியைக் கும்பிடுவதை யாரும் தடுக்கவில்லை. வாகனம் போக வேண்டிய திசை மட்டும் ஆஸ்பத்திரியாக இருக்கட்டும்.

அஸ்பிரின் நம் வீடுகளுக்குள் பல வேடங்களில் இருக்கிறது. டிஸ்பிரின் என்ற பெயரில் தண்ணீரில் கரையும் குளிசையாகக் கடைகளில் கிடைக்கிறது. பெரியவர்களுக்குத் தலையிடி வந்தால் வாங்குகிறோம், பாதி அட்டை அலுமாரியில் மிஞ்சுகிறது. கரைந்து இனிப்பாக இருப்பதால் பிள்ளையும் அடம்பிடிக்காமல் குடிக்கும். இருதய நோயுள்ள தாத்தாவின் கிளினிக் மருந்துப் பையில் 75 மில்லிகிராம் அஸ்பிரின் இருக்கும். 'சின்னக் குளிசைதானே' என்று அதையும் கொடுக்கக் கூடாது. இவ்வளவு வரை பாதுகாப்பு என்று சொல்லக்கூடிய அளவு இந்த விஷயத்தில் இல்லை. தசைவலிக்குப் பூசும் தைலங்களில் மெதில் சாலிசிலேட் என்று எழுதியிருந்தால் அதுவும் இதே குடும்பம்தான். விண்டர்கிரீன் எண்ணெய் என்றும் போட்டிருப்பார்கள். சுத்தமான விண்டர்கிரீன் எண்ணெய் ஒரு தேக்கரண்டியில் சுமார் 7 கிராம் சாலிசிலேட் இருக்கிறது. குழந்தை அதை விழுங்கினால் ரேய் சின்ட்ரோம் வரை போகத் தேவையில்லை, நேரடி விஷமே போதும். அந்தப் போத்தலைப் பெனடோல் பாணிக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். சின்னம்மைக்கும் அஸ்பிரின் தடை அப்படியே பொருந்தும்.

ஜப்பானில் இன்ஃபுளுவென்சாவோடு மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளை ஆராய்ந்தபோது, டைக்ளோபெனாக், மெபெனாமிக் அசிட் ஆகிய இரண்டும் கெட்ட முடிவுகளோடு சேர்ந்து வருவதைக் கண்டு, இந்தக் காய்ச்சலில் பிள்ளைகளுக்கு அவற்றைக் கொடுப்பதைக் கட்டுப்படுத்தினார்கள். நமக்கு இது முக்கியம். காய்ச்சல் 'டக்கென்று' இறங்க வேண்டும் என்பதற்காக மலவாசலில் வைக்கும் டைக்ளோபெனாக் மருந்தைக் கேட்டு வாங்கும் பழக்கம் இங்கே இருக்கிறது. டெங்குவாக இருந்தால் இரத்தப்போக்குக்கும் அது வழி. எந்தக் காய்ச்சல் என்று தெரியாத நிலையில் பிள்ளைக்கு ஒரே மருந்து, பரசிட்டமோல், அதாவது பெனடோல். ஐபுபுரோபனும் டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை வேண்டாம்.

பெனடோல் கணக்கு

அந்த ஒரே மருந்தும் அளவு தவறினால் ஈரலைக் கொல்லும். இன்ஃபுளுவென்சாப் பிள்ளைக்கு ஈரல் பாதிக்கப்படும்போது, ரேய் சின்ட்ரோமை விட இன்றைக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். ஒரே தடவையில் போத்தலைக் குடித்த பிள்ளையை எல்லாரும் உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். நாலு நாள் தொடர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூடிப்போன பிள்ளையை யாரும் கவனிப்பதில்லை.

சரியான அளவு உடல் நிறையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணிக்கு ஒரு தடவை, 24 மணி நேரத்தில் நாலு தடவைக்கு மேல் இல்லை. இங்கே அதிகம் புழங்கும் பாணியில் 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் இருக்கிறது. அதே 5 மில்லிலீட்டரில் 250 மில்லிகிராம் உள்ள போத்தலும் விற்கிறார்கள். 12 கிலோ பிள்ளைக்குத் தேவை 180 மில்லிகிராம். முதல் போத்தலில் அது 7.5 மில்லிலீட்டர், இரண்டாவதில் 3.6 மில்லிலீட்டர். பழைய போத்தல் முடிந்து புதிது வாங்கும்போது வகை மாறி, பழைய அளவையே ஊற்றினால் பிள்ளைக்கு ஒவ்வொரு தடவையும் இரண்டு மடங்கு போகிறது. 16 கிலோ பிள்ளைக்கு முதல் வகையில் 10 மில்லிலீட்டர், 20 கிலோவுக்கு 12.5. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து இன்னும் செறிவானது, சில வகைகளில் ஒரு மில்லிலீட்டரிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதைக் கரண்டியால் ஊற்றவே கூடாது. வீட்டுத் தேக்கரண்டியை நம்ப வேண்டாம். ஒன்று 3 மில்லிலீட்டர் பிடிக்கும், இன்னொன்று 7 பிடிக்கும். பார்மசியில் ஊசியில்லாத 5 மில்லிலீட்டர் சிரிஞ்சு ஒன்றைச் சில்லறைக் காசுக்கு வாங்கலாம். அதில் கோடு போட்டு அளந்து கன்னத்தின் உட்பக்கமாக மெதுவாக விடுங்கள்.

வயதை வைத்து அளவு சொல்லும் பெட்டி அட்டவணையில் நமக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 2016 மக்கள்தொகை, சுகாதார அளவாய்வில் ஐந்து வயதுக்குட்பட்டோரில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் நாடு முழுவதும் ஏறத்தாழ 17 சதவீதம், தோட்டங்களில் ஏறத்தாழ 32 சதவீதம். அப்படியான ஐந்து வயதுப் பிள்ளை மூன்றரை வயதுப் பிள்ளையின் நிறையில் இருக்கலாம். பெட்டியில் ஐந்து வயதுக்குப் போட்டிருக்கும் அளவு அதற்கு அதிகம். சாப்பாடு குறைந்த, மெலிந்த உடலில் பரசிட்டமோலின் நச்சுக் கழிவை நடுநிலையாக்கும் குளூட்டதயோன் என்ற பொருளும் குறைவு. காய்ச்சலில் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தால் அது இன்னும் வற்றும். ஆகவே கிளினிக் புத்தகத்தில் கடைசியாக எழுதிய நிறையைப் பாருங்கள். பழையதாக இருந்தால் பிள்ளைக் காம்பராவிலோ தோட்ட டிஸ்பென்சரியிலோ நிறுத்துப் பாருங்கள். அந்த எண்ணை 15-ஆல் பெருக்குங்கள்.

கூடிப்போவது இன்னும் ஒரு வழியாலும் நடக்கிறது. காலையில் ஆறு மணிக்குப் பிரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகுமுன் அம்மா ஒரு தடவை கொடுக்கிறார். எட்டு மணிக்குப் பிள்ளை சுடுகிறது என்று பிள்ளைக் காம்பராவில் ஒரு தடவை. பத்துமணிக்குப் பாட்டி வந்து அழைத்துப்போய் இன்னொரு தடவை. சளிக்கென்று வாங்கிய பாணியிலும் பரசிட்டமோல் கலந்திருக்கலாம், அது தனிக் கணக்கு. மருந்து கொடுத்த நேரத்தை ஒரு தாளில் எழுதிப் போத்தலில் ரப்பர் போட்டுக் கட்டிவிடுங்கள். போத்தல் எங்கே போனாலும் தாளும் போகட்டும். அது இல்லாமல் பிள்ளையை ஒப்படைக்கவும் வேண்டாம், வாங்கவும் வேண்டாம்.

கூடிப்போனதாகச் சந்தேகம் வந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் நாள் பிள்ளை நன்றாகவே தெரியும். ஈரல் உடைவது இரண்டாம் மூன்றாம் நாளில். என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மாற்று மருந்து குளூட்டதயோனை மீண்டும் நிரப்பும். எவ்வளவு சீக்கிரம் ஏற்றப்படுகிறதோ அவ்வளவுக்கு ஈரல் தப்பும். ஆஸ்பத்திரியில் 'பெனடோல் கொஞ்சம் கூடிப்போச்சு' என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். அந்த வார்த்தை இல்லாவிட்டால் டாக்டரின் சந்தேகம் வேறெங்கோ போய்விடும்.

வேறு காய்ச்சல்கள்

காய்ச்சலோடு ஈரல் நொதி ஏறிய பிள்ளை என்றால் இன்ஃபுளுவென்சா என்று முடிவு கட்டிவிட முடியாது. டெங்குவில் ஏ.எஸ்.டி. ஏறுவது மிகச் சாதாரணம். நுவரெலியாவின் குளிரில் டெங்கு நுளம்பு குறைவுதான், ஆனால் விடுமுறைக்குக் கொழும்பு, கண்டி போய் வந்த பிள்ளைக்கு உயரம் பாதுகாப்பல்ல. மூன்றாம் நாள் இரத்த எண்ணிக்கை எடுப்பது எல்லாருக்கும் பொருந்தும். மூக்கொழுகலும் இருமலும் பலமாக இருந்தால் இன்ஃபுளுவென்சாப் பக்கம் சாயலாம், இரத்தத் தட்டணு இறங்கினால் டெங்குப் பக்கம். மலைநாட்டில் உண்ணிக் காய்ச்சலும் உண்டு: ஒரு வாரம் விடாத காய்ச்சல், தலையிடி, உள்ளங்கை உள்ளங்காலிலும் சிவப்புப் பொட்டு. அதற்கு டொக்சிசைக்ளின் போன்ற சரியான மருந்து இருக்கிறது, ஆகவே கண்டுபிடிப்பது முக்கியம். கண் உண்மையிலேயே மஞ்சளாகி, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டி, நொதி ஆயிரங்களில் நின்றால் ஹெபடைடிஸ் ஏ-யை நினைக்க வேண்டும். 2007-இல் கம்பளையில் அது பரவியது பலருக்கு ஞாபகமிருக்கும். மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைக்காமல் குடிக்கும் இடங்களில் அது இன்னும் வரலாம்.

சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கொழுப்பை எரிக்கும் நொதி பிறவியிலேயே குறைந்த பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மா அப்பா இருவரிடமும் ஒரே மரபணுக் குறை மறைந்திருந்தால் வருவது இது. நன்றாக இருக்கும் காலத்தில் எந்தக் குறையும் தெரியாது. காய்ச்சல் வந்து சாப்பிடாமல் ஒரு இரவு கிடந்தால் இரத்தத்தில் சீனி சரிந்து, ஈரல் வீங்கி, ரேய் சின்ட்ரோம் போலவே விழுவார்கள். இன்று அந்தப் பெயரோடு வரும் பிள்ளைகளில் தேடிப்பார்த்தால் பலருக்கு அடியில் இப்படியொரு பிறவிக் குறை இருக்கிறது. முன்னால் ஒரு பிள்ளை காய்ச்சல், வாந்தியோடு திடீரென்று இறந்த வீடு என்றால் அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். அது பழைய துக்கம் மட்டுமல்ல, இந்தப் பிள்ளையின் நோய்க் குறிப்பு.

ஆகவே காய்ச்சல் பிள்ளையை இரவு முழுக்கப் பட்டினி போடக் கூடாது. கஞ்சியோ, சீனி போட்ட கொத்தமல்லித் தண்ணீரோ, பாலோ, எது இறங்குமோ அதைக் கொடுங்கள். கொத்தமல்லி அவித்த தண்ணீரில் எனக்கு ஆட்சேபனை இல்லை. சூடாக, இனிப்பாக, நீராக இருக்கிறது. ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு மட்டும் தேன் கலக்க வேண்டாம். ஜீவனி என்ற உப்புக்கரைசல் தூள் ஒரு பக்கெட்டை ஒரு லீட்டர் கொதித்தாறிய தண்ணீரில் முழுதாகக் கரைத்து, வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தடவை 5 மில்லிலீட்டர் வீதம் சிரிஞ்சால் கொடுக்கலாம். ஆனால் உப்புக்கரைசல் உணவாகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கலவையில் லீட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான் இருக்கிறது, இரவைத் தாங்க அது போதாது. குளிருக்கு ஒரு மூடி பிராந்தி என்ற பேச்சே வேண்டாம். பட்டினியாக இருக்கும் பிள்ளையின் சீனியை அது இன்னும் இறக்கும். உணர்வு மங்கிய பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சரித்துப் படுக்க வைத்து வாகனத்தைத் தேடுங்கள்.

ஆஸ்பத்திரியில்

தோட்ட டிஸ்பென்சரியில் செய்யக்கூடிய மிகப் பெறுமதியான பரிசோதனை விரல் நுனியில் சீனி பார்ப்பது. பெரியவர்களின் நீரிழிவுக்கு வைத்திருக்கும் அதே கருவி போதும். வாந்தியோடு மந்தமான பிள்ளைக்கு அதைப் பார்க்காமல் வாந்தி நிறுத்தும் மருந்தைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்புவது ஆபத்து. அந்த மருந்துகளில் சில தூக்கத்தைக் கொடுத்து நோயின் தூக்கத்தை மறைத்துவிடும்.

பெரிய ஆஸ்பத்திரியில் ஈரல் நொதிகளை விட ஐ.என்.ஆர். (இரத்தம் உறையும் தன்மையைக் காட்டும் எண்), சீனி, அமோனியா ஆகிய மூன்றுமே அதிகம் பேசும். நொதி, செல் உடைந்ததைச் சொல்கிறது. ஐ.என்.ஆர்., ஈரல் இன்னும் வேலை செய்கிறதா என்பதைச் சொல்கிறது. வைட்டமின் கே கொடுத்தும் அது 2-க்கு மேலே இருந்தால், அல்லது புத்தித் தடுமாற்றத்தோடு 1.5 ஆக இருந்தாலே, பிள்ளைகளில் அது ஈரல் செயலிழப்பு. நொதி திடீரென்று இறங்குகிறது, ஐ.என்.ஆர். ஏறுகிறது என்றால் அது நல்ல செய்தி அல்ல, உடைவதற்குச் செல் மிச்சமில்லை என்று பொருள். அமோனியாவுக்கு இரத்தம் எடுக்கும்போது கையை இறுக்கிக் கட்டிப் பிழியக் கூடாது, குழாயைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வுகூடத்துக்குக் கொண்டு போக வேண்டும். தாமதித்தால் எண் பொய்யாக ஏறும். சீனி குறைந்திருக்கும் அந்த நிமிடத்திலேயே, டெக்ஸ்ட்ரோஸ் என்ற சீனிக் கரைசலை ஏற்றுமுன், பிறவிக் குறைகளைத் தேடுவதற்கான இரத்தத்தையும் எடுத்து, அடுத்து வரும் சிறுநீரையும் சேமித்துவிட்டால் பின்னால் விடை கிடைக்கும். அதற்காக டெக்ஸ்ட்ரோஸைத் தாமதிக்கக் கூடாது. பிறகு தலைமாட்டை உயர்த்தி, சீனியை நிலைநிறுத்தி, மூளை வீக்கத்தைக் குறைத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் பார்ப்பார்கள். டிக்கோயா, நுவரெலியா, பதுளையிலிருந்து பேராதனை சிறுவர் ஆஸ்பத்திரிக்கோ கொழும்பு லேடி ரிட்ஜ்வேக்கோ மாற்றுவதாகச் சொன்னால், அது கைவிட்டதாக ஆகாது. தயங்காமல் சம்மதியுங்கள்.

இன்ஃபுளுவென்சா வைரஸுக்கு எதிரான மருந்தான ஓசெல்டமிவிர் பற்றியும் கேட்பார்கள். முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள், நாட்பட்ட நோயுள்ளவர்கள், ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அளவுக்கு மோசமானவர்களுக்கு 48 மணி கடந்தாலும் கொடுப்பார்கள். ஒரு வயதுக்கு மேல் 15 கிலோ வரை 30 மில்லிகிராம், 23 வரை 45, 40 வரை 60, அதற்கு மேல் 75, நாளுக்கு இரண்டு தடவை, ஐந்து நாள். இலேசான, நடுத்தர ஈரல் பாதிப்புக்கு அளவைக் குறைக்கத் தேவையில்லை, சிறுநீரகம் கெட்டிருந்தால்தான் குறைப்பார்கள். இந்த மருந்தும் வாந்தியைத் தரும், ஆகவே சாப்பாட்டோடு கொடுக்க வேண்டும். முதல் ஓரிரு வேளையில் மருந்தை ஒட்டி ஒரு தடவை வாந்தி வந்து, பிள்ளை தெளிவாக இருந்தால் அது மருந்து. காய்ச்சல் விட்ட பிறகு நிற்காமல் வந்து, பிள்ளையும் மங்கினால் மருந்தின் மேல் பழி போட வேண்டாம்.

இன்ஃபுளுவென்சாத் தடுப்பூசி அரசாங்கத்தின் தேசிய அட்டவணையில் இல்லை, தனியாரிடம் பணம் கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது. எல்லாராலும் முடியாது என்பது தெரியும். முடிந்தால் முதலில் யாருக்கு என்று கேட்டால் என் பதில் இது: கவசாகி நோய்க்கோ (இரத்தக் குழாய்கள் அழலும் நோய்) வாதக் காய்ச்சலுக்கோ நீண்ட நாள் அஸ்பிரின் குடிக்கும் பிள்ளைக்கு, பித்தக்குழாய் அடைப்பு போன்ற ஈரல் நோயோடு வளரும் பிள்ளைக்கு, அவர்களோடு ஒரே காம்பராவில் இருக்கும் எல்லாருக்கும். ஆறு மாதத்திலிருந்து போடலாம். ஒன்பது வயதுக்குக் குறைந்தவர்கள் முதல் வருடத்தில் நாலு வாரம் இடைவெளி விட்டு இரண்டு தடவை போட வேண்டும். அஸ்பிரின் குடிக்கும் பிள்ளைக்கு இன்ஃபுளுவென்சா வந்தால் மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், தொடரவும் வேண்டாம், அன்றைக்கே கிளினிக்குக்குச் சொல்லுங்கள்.

கடைசியாகத் தூரம். மேல்கணக்கு (தோட்டத்தின் மேல் டிவிஷன்) லயத்திலிருந்து தார் ரோட்டுக்கு இறங்கவே அரை மணி நேரம் ஆகும் இடங்கள் உண்டு, இரவில் த்ரீவீல் கிடைக்காது. 1990-க்கு எடுத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் காசில்லாமல் வரும். தமிழில் பேசலாம். தோட்டத்தின் பெயரோடு டிவிஷன் பெயரையும், பக்கத்திலுள்ள பெக்டரியையோ கோயிலையோ பாலத்தையோ அடையாளமாகச் சொல்லுங்கள். வண்டி ஏறி வர முடியாத ரோடு என்றால் எந்தச் சந்தியில் நிற்பீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டுப் பிள்ளையோடு இறங்கத் தொடங்குங்கள். கையில் கிளினிக் புத்தகம், பிள்ளைக்குக் கொடுத்த எல்லாப் போத்தல்களும் அட்டைகளும், நேரம் எழுதிய தாள். வார்டில் தமிழ் தெரிந்தவர் இல்லாவிட்டால், சிங்களத்தில் 'வமனே யனவா' என்றால் வாந்தி எடுக்கிறது, 'சிஹிய அடுயி' என்றால் நினைவு குறைவு. காய்ச்சல் எந்த நாள் தொடங்கியது, எந்த நாள் விட்டது, வாந்தி எத்தனை மணிக்கு ஆரம்பித்தது, கடைசியாக எப்போது சாப்பிட்டது, டிஸ்பிரினோ தைலமோ உள்ளே போனதா: இந்த ஐந்தையும் வழியிலேயே அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.